132 ஆண்டுச் சிறை: மிசிசிப்பியின் ‘குண்டர் படை’ சிக்கியது எப்படி?

வாய்க்குள் துப்பாக்கி முனையைத் திணித்து, விசையை ஒருமுறை அழுத்தினார் அந்தக் காவலர். ‘கிளிக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. மிரட்டுவதற்காக சேம்பரில் இருந்த ஒரு குண்டை மட்டும் முன்பே எடுத்துவிட்டிருந்தார். இரண்டாவது முறை அழுத்தியபோது வெடித்துவிட்டது. நாக்கைக் கிழித்து, தாடை எலும்பை உடைத்து, கழுத்து வழியாக வெளியேறியது குண்டு. ரத்தம் கொட்டக் கொட்டத் தரையில் கிடந்தவருக்கு 32 வயது. அந்த வீட்டில் இருந்த காவலர்கள் ஆறு பேர். ஒருவர்கூட முதலுதவி செய்ய முன்வரவில்லை. வீட்டுக்கு வெளியே போய்க் கூடி நின்று, மேலிடத்துக்கு என்ன கதை சொல்லலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலம், ரேங்கின் கவுன்ட்டி, 2023 ஜனவரி 24 இரவு நடந்தது இது. 14 மாதங்கள் கழித்து, 2024 மார்ச் மூன்றாவது வாரத்தில், அந்த ஆறு பேருக்கும் ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றம் தண்டனை விதித்தது. குறைந்த தண்டனை 10 ஆண்டுகள். அதிகத் தண்டனை 40 ஆண்டுகள். எல்லாவற்றையும் கூட்டினால் 132 ஆண்டுகள்.

காவலர்கள் செய்த தாக்குதலுக்கு அமெரிக்க நீதிமன்றங்கள் இப்படித் தண்டிப்பது அபூர்வம். அதனால் தீர்ப்பு வந்த வாரம் உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் இந்த வழக்கை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்த்தால், தீர்ப்பைவிட இன்னொரு விஷயம்தான் நெஞ்சை அறுக்கிறது. அந்தத் துப்பாக்கி இரண்டாவது முறையும் வெறும் ‘கிளிக்’ என்று நின்றிருந்தால், இந்த ஆறு பேரும் மறுநாள் காலை வழக்கம்போல சீருடை அணிந்து வேலைக்குப் போயிருப்பார்கள்.

ஆற்றுக்கு அக்கரையும் இக்கரையும்

மிசிசிப்பியின் தலைநகர் ஜாக்சன். அங்கே வாழ்பவர்களில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். நகரத்தின் கிழக்கு ஓரமாக பேர்ல் ஆறு ஓடுகிறது. ஆற்றைத் தாண்டினால் ரேங்கின் கவுன்ட்டி; அங்கே வெள்ளையர் பெரும்பான்மை. ஒரு பாலத்தைக் கடந்தால் போதும் என்கிற தூரம்தான். ஆனால் அந்த ஆறு இரண்டு உலகங்களைப் பிரிக்கிற கோடு என்பது அங்கிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அன்றிரவு அடித்த காவலர்களும் அதையே சொல்லி அடித்தார்கள்: ஜாக்சனுக்கே திரும்பிப் போங்கள், உங்கள் ஆற்றங்கரைக்குப் போய்விடுங்கள்.

கவுன்ட்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. அங்கே காவல் துறைக்குத் தலைவர் ஷெரிஃப். இந்த இடத்தில் தமிழ் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஷெரிஃப் அரசு நியமிக்கும் அதிகாரி இல்லை. உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள். அவரை இடமாற்றம் செய்ய மேலே ஒரு டி.ஐ.ஜி. கிடையாது. அவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் ‘டெபுட்டி’கள். உள்ளூரில் குற்ற வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர் தினந்தோறும் நம்பியிருப்பதும் இந்த ஷெரிஃபையும் டெபுட்டிகளையும்தான். ஷெரிஃபின் ஆட்களே குற்றவாளிகள் என்றால் அந்த வழக்கு உள்ளூரில் எந்த வேகத்தில் நகரும் என்பதை விளக்கத் தேவையில்லை.

ரேங்கின் கவுன்ட்டியில் 2012 முதல் ஷெரிஃபாக இருந்துவருபவர் பிரையன் பெய்லி. அவருடைய டெபுட்டிகளில் இரவுப் பணியில் இருந்த ஒரு குழு, தனக்குத் தானே ‘குண்டர் படை’ என்று பெயர் வைத்துக்கொண்டது. எதிரிகள் சூட்டிய பட்டப்பெயர் அல்ல. அவர்களே பெருமையாகச் சூட்டிக்கொண்டது. ரவுடிகளின் கேலிச் சித்திரம் பொறித்து, தங்கள் லெப்டினென்ட் ஜெஃப்ரி மிடில்டனின் பெயரையும் போட்டு, நினைவு நாணயங்கள்கூட அடித்து வைத்திருந்தார்கள். தேவைக்கு அதிகமாக அடிப்பதற்கும், அடித்ததை வெளியே சொல்லாமல் இருப்பதற்கும் தயாரானவர்கள் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம் என்று அரசுத் தரப்பு பின்னர் நீதிமன்றத்தில் சொன்னது.

“முகத்தில் காயம் தெரியக் கூடாது”

அந்த வீடு ஒரு வெள்ளையினப் பெண்ணுக்குச் சொந்தமானது. அவர் அப்போது வீட்டில் இல்லை. அவருக்கு உதவியாக அங்கே தங்கியிருந்தவர் அவருடைய நீண்டகால நண்பரான ஒரு கறுப்பினத்தவர். கூட இன்னொரு நண்பர், பின்னால் குண்டடி பட்டவர். இருவரும் பிற்பாடு தங்கள் பெயர் சொல்லி வெளிப்படையாகப் பேசியவர்கள்தான். ஆனாலும் பாலியல் வன்முறையும் கலந்த வழக்கு என்பதால் அவர்கள் பெயரை இங்கே தவிர்க்கிறோம்.

அந்த வீட்டில் கறுப்பின ஆண்கள் தங்கியிருக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்து வெள்ளையர் ஒருவர் புகார் சொன்னார். புகார் காவல் நிலையத்தில் பதிவாகவில்லை. ஷெரிஃப் அலுவலகத்தின் தலைமைப் புலனாய்வாளர் பிரெட் மெக்கல்பினின் காதுக்கு நேராகப் போனது. அவர் கிறிஸ்டியன் டெட்மன் என்ற டெபுட்டியிடம் சொன்னார். டெட்மன், ‘குண்டர் படை’யினருக்கு செல்போனில் செய்தி அனுப்பினார்: ஒரு வேலை இருக்கிறது, வர முடியுமா? ஹன்டர் எல்வர்ட், டேனியல் ஓப்டைக், மிடில்டன் ஆகியோர் வந்தார்கள். ரிச்லேண்ட் நகரக் காவல் துறையைச் சேர்ந்த ஜோஷுவா ஹார்ட்ஃபீல்டும் சேர்ந்துகொண்டார். அவர் அன்று பணியில்கூட இல்லை. ஆறு பேரும் வெள்ளையர்.

டெட்மன் அனுப்பிய செய்திகளில் ஒன்று, கைதியைப் படம் பிடிக்கும்போது முகம் மோசமாகத் தெரியக் கூடாது என்பது. அடிக்க வேண்டாம் என்ற எச்சரிக்கை அல்ல அது. படத்தில் தெரியாத இடங்களில் எவ்வளவு வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற அனுமதி. வீட்டில் கண்காணிப்பு கேமரா இருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொண்டார்கள். இந்தச் செய்திகளைப் படிக்கும்போது, கோபத்தில் கை ஓங்கிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்ல எந்த வழியும் இல்லை. எல்லாமே திட்டம்.

கையில் வாரன்ட் இல்லை. கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இருவருக்கும் விலங்கு மாட்டினார்கள். எந்தக் குற்றத்துக்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை முழுவதும் எழுதுவது படிக்கிறவர்களுக்கும் கஷ்டம், எழுதுகிறவருக்கும் கஷ்டம். ஆனால் குற்றப்பத்திரிகையில் இருப்பதை, இந்த ஆறு பேரும் ஒப்புக்கொண்டதை, கொஞ்சமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். கம்பு, கட்டை என்று கைக்குக் கிடைத்தவற்றால் அடித்தார்கள். இனத்தைச் சொல்லி வசைபாடினார்கள். படுக்க வைத்து முகத்தில் பாலையும் மதுவையும் சாக்லேட் சிரப்பையும் ஊற்றினார்கள். முட்டைகளை எறிந்தார்கள். பாலியல் கருவியைக் கொண்டு அவமானப்படுத்தினார்கள். பிறகு தடயம் தெரியாமல் இருக்க இருவரையும் நிர்வாணமாக்கி, ஒன்றாகக் குளிக்கச் சொன்னார்கள்.

இவ்வளவுக்கும் நடுவே, ‘டேசர்’ என்ற மின்னதிர்ச்சிக் கருவியை மாறி மாறி இருவர் மீதும் பாய்ச்சினார்கள். ஷெரிஃப் துறையின் டேசருக்கு வலு அதிகமா, ரிச்லேண்ட் காவல் துறையின் டேசருக்கு வலு அதிகமா என்று போட்டி வைத்துப் பார்த்தார்கள். விலங்கிட்டுக் கிடந்த இரண்டு மனிதர்களின் உடம்புதான் அந்தப் போட்டிக்குக் களம்.

கடைசியில்தான் எல்வர்ட் துப்பாக்கியை எடுத்தார்.

சாட்சி சொன்ன கருவி

குண்டு பாய்ந்த பிறகு வெளியே கூடிப் பேசியவர்கள் ஒரு கதையைத் தயார் செய்தார்கள். போதைப்பொருள் சோதனைக்குப் போனோம், அவன் எங்களை நோக்கித் துப்பாக்கியை நீட்டினான், தற்காப்புக்காகச் சுட்டோம். இந்தக் கதைக்கு ஒரு துப்பாக்கி வேண்டுமே? வீட்டைத் துழாவியபோது கிடைத்த பொம்மைத் துப்பாக்கி ரகத்துச் சின்ன ஏர்கன்னை அடிபட்டவருடையது என்று வைத்தார்கள். போதைப்பொருள் வேண்டுமே? டெட்மன் தன்னிடம் இருந்த மெத் என்கிற போதைப்பொருளைக் கொடுத்தார். கேமரா பதிவு இருந்த ஹார்ட் டிஸ்க்கைத் திருடிக்கொண்டு போனார்கள். கறை படிந்த துணிகளை அப்புறப்படுத்தினார்கள். யாராவது வாயைத் திறந்தால் கொன்றுவிடுவோம் என்று மூத்தவர்களான மெக்கல்பினும் மிடில்டனும் மற்றவர்களை மிரட்டினார்கள்.

பொய் வழக்கு பதிவானது. தாடை உடைந்து மருத்துவமனையில் கிடந்தவர் மீதே, காவலரைத் தாக்க வந்தார் என்று குற்றச்சாட்டு. அடுத்த சில மாதங்கள் அந்தப் பொய் வழக்கைச் சுமந்துகொண்டுதான் இருவரும் அலைந்தார்கள். நீதி என்பது எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த நாட்களில் அவர்களிடம் யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆறு பேரும் மறந்துபோன ஒரு விஷயம் இருந்தது. டேசர் என்பது வெறும் ஆயுதம் மட்டும் இல்லை. எப்போது இயக்கப்பட்டது, விசை எப்போது அழுத்தப்பட்டது என்பதைத் தனக்குள்ளேயே குறித்து வைத்துக்கொள்ளும் கருவி. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அந்தப் பதிவுகளைத் தோண்டி எடுத்தது. துப்பாக்கி வெடிப்பதற்கு முந்தைய சுமார் 65 நிமிடங்களில் டெபுட்டிகளின் டேசர்கள் பல பத்து தடவை இயக்கப்பட்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேலாக, விட்டு விட்டு. தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற கதையில் அந்த 65 நிமிடங்களுக்கு இடமே இல்லை. அதே நிறுவனம் 2023 மார்ச்சில் இன்னொன்றையும் வெளியிட்டது: இந்தக் குழுவைச் சேர்ந்த டெபுட்டிகள் 2019 முதல் குறைந்தது நான்கு வன்முறைச் சம்பவங்களில் தொடர்புபட்டிருந்தார்கள்; எல்லாமே கறுப்பின ஆண்கள் மீது; இரண்டு பேர் இறந்திருக்கிறார்கள்.

ஃபெடரல் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பிப்ரவரியிலேயே விசாரணையைத் தொடங்கியிருந்தது. ஆறு பேரில் முதலில் உண்மையைச் சொன்னவர் 28 வயது ஓப்டைக். செல்போனில் இருந்த வாட்ஸ்அப் உரையாடலை அவரே புலனாய்வாளர்களிடம் காட்டினார். ஜூன் மாதம் டெபுட்டிகள் ஐந்து பேரும் வேலையில் இல்லை என்று ஷெரிஃப் அறிவித்தார். 2023 ஆகஸ்ட் 3 அன்று ஆறு பேரும் ஃபெடரல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

1866-ல் பிறந்த சட்டம்

ஃபெடரல் அரசு இதில் எப்படி நுழைந்தது? அமெரிக்காவில் அடிதடி, கொலை எல்லாம் பொதுவாக மாநில அரசின் விவகாரம். ஆனால் அதிகாரத்தின் பெயரால் ஒருவருடைய அரசியல் சட்ட உரிமையைப் பறித்தால் அது ஃபெடரல் குற்றம். இதன் வேர் உள்நாட்டுப் போர் முடிந்த உடனே, 1866-ல் வந்த சிவில் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களை உள்ளூர் அதிகாரிகளிடமிருந்து காப்பாற்ற உருவானது.

சட்டம் இருந்ததே தவிர, அதற்குப் பல் இல்லை. 1943-ல் ஜார்ஜியா மாநிலத்தின் பேக்கர் கவுன்ட்டியில் கிளாட் ஸ்க்ரூஸ் என்ற ஷெரிஃப், விலங்கு மாட்டிய கறுப்பினத்தவர் ஒருவரை அடித்தே கொன்றார். மாநிலம் வழக்குப் போடவில்லை. ஃபெடரல் நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. 1945-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, மறுவிசாரணைக்கு அனுப்பியது. உரிமையைப் பறிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் அடித்தார் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்றது. மறுவிசாரணையில் ஸ்க்ரூஸ் விடுதலை ஆனார். பிற்காலத்தில் மாநில செனட்டுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்! அந்த ‘நோக்கம்’ என்ற நிபந்தனைதான் இன்றுவரை இப்படிப்பட்ட வழக்குகளில் பெரிய முட்டுக்கட்டை.

மிசிசிப்பிக்கே ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1964 ஜூன் 21 அன்று நெஷோபா கவுன்ட்டியில், கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக வேலை செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் ஆகிய மூன்று இளைஞர்களை செசில் பிரைஸ் என்ற டெபுட்டி ஷெரிஃப் கைது செய்தார். இரவில் விடுவித்தார். துரத்திப் பிடித்து, வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலிடம் ஒப்படைத்தார். மூவரின் உடல்களும் ஆறு வாரம் கழித்து ஒரு மண் அணைக்குள் கிடைத்தன. அப்போது மாநில அரசு கொலை வழக்கே போடவில்லை. ஃபெடரல் அரசுதான் 18 பேர் மீது வழக்கு நடத்தியது. 1967-ல் தண்டனை பெற்றவர்கள் ஏழு பேர். மூன்று கொலைகளுக்கு அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். பிரைஸுக்குக் கிடைத்தது ஆறு ஆண்டுகள். ஷெரிஃப் லாரன்ஸ் ரெய்னி விடுதலை ஆனார்.

சட்டம் பிறகு திருத்தப்பட்டுக் கடுமையானது. இருந்தாலும் நீண்ட தண்டனைகள் எளிதில் வந்துவிடவில்லை. 1991-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரைக் காவலர்கள் அடித்த காட்சியை உலகமே வீடியோவில் பார்த்தது. அந்த வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம் இரண்டு காவலர்களுக்குக் கொடுத்தது தலா 30 மாதம். 1997-ல் நியூயார்க் புரூக்ளின் காவல் நிலையக் கழிப்பறையில் ஒரு ஹெய்ட்டி நாட்டு இளைஞரைச் சித்திரவதை செய்த ஜஸ்டின் வோல்ப் என்ற காவலருக்கு 30 ஆண்டுகள் கிடைத்தன. ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரின் கொலையில் டெரிக் சாவின் என்ற காவலருக்கு ஃபெடரல் நீதிமன்றம் விதித்தது 21 ஆண்டுகள். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால்தான் இந்த ஆறு பேருக்கும் வந்த தீர்ப்பின் எடை புரியும்.

தீர்ப்பு வாரம்

2024 மார்ச் 19, 20, 21. ஒரு நாளைக்கு இரண்டு பேர் வீதம் ஜாக்சன் ஃபெடரல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். தண்டனை விதித்த நீதிபதி டாம் லீ, 1984-ல் அதிபர் ரீகன் ஆட்சியில் நியமிக்கப்பட்டவர்.

முதல் நாள் எல்வர்டுக்கு 241 மாதங்கள், அதாவது 20 ஆண்டுகளும் ஒரு மாதமும். மிடில்டனுக்கு பதினேழரை ஆண்டுகள். அடுத்த நாள் ஓப்டைக்குக்கும் பதினேழரை ஆண்டுகள். டெட்மனுக்கு 40 ஆண்டுகள். கடைசி நாள் 53 வயது மெக்கல்பினுக்கு 27 ஆண்டுகளுக்குச் சற்று மேல். ஹார்ட்ஃபீல்டுக்கு 10 ஆண்டுகள்.

துப்பாக்கியால் சுட்டவர் எல்வர்ட். ஆனால் அவரைவிட இரண்டு மடங்கு டெட்மனுக்கு. காரணம், 2022 டிசம்பரில் நடந்த இன்னொரு சம்பவம். ஒரு வெள்ளையரைப் பிடித்து, திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடித்து, டேசர் பாய்ச்சி, பக்கத்தில் துப்பாக்கியால் சுட்டு மிரட்டியிருந்தார் டெட்மன். பாலியல் ரீதியாகவும் அவமானப்படுத்தியிருந்தார். எல்வர்டும் ஓப்டைக்கும் அங்கே இருந்தும் தடுக்கவில்லை. இந்த விவரம் முக்கியமானது. இனவெறி ஜனவரி சம்பவத்தின் முதுகெலும்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம், கிடைத்தவன் யாராக இருந்தாலும் அவன் மீது பாயப் பழகிவிடுகிறது.

மெக்கல்பின் அன்றிரவு மற்றவர்கள் அளவுக்குக் கை வைக்கவில்லை. ஆனாலும் இளம் டெபுட்டிகளைக் குண்டர்களாக வார்த்தெடுத்தவரே அவர்தான் என்று அரசு வழக்கறிஞர் வாதிட்டார். ஒரு மாஃபியா தலைவனுக்கு அவரை ஒப்பிட்டார். நீதிபதி அதை ஏற்றுத்தான் 27 ஆண்டுகளைக் கொடுத்தார் என்று நினைக்கத் தோன்றுகிறது. இதைத்தான் இந்தத் தீர்ப்பின் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். அடித்த கை மட்டுமே தண்டிக்கப்பட்டு, ஏவிய வாய் தப்பித்துக்கொள்வதுதான் எங்கும் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை.

எல்வர்ட் மன்னிப்புக் கேட்டபோது, அடிபட்ட இருவரில் ஒருவர் எழுந்து நின்று, மன்னித்துவிட்டேன் என்றார். குண்டடி பட்டவரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. மாட்டாமல் இருந்திருந்தால் இன்னும் இதையேதான் செய்துகொண்டிருப்பார் என்பது அவருடைய பதில். பேசுவதும் சாப்பிடுவதும் அவருக்கு அப்போதும் சிரமமாகவே இருந்தது. தனக்குள் உடைந்துபோய்விட்டதாகவும், பழைய மனிதனாக இனி ஆக முடியாது என்றும் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்துக்குச் சொல்லியிருந்தார். இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். மன்னிப்பது அவரவர் உரிமை. மன்னிக்க மறுப்பதும் அப்படியே.

ஃபெடரல் சிறையில் பரோல் கிடையாது. 1987-க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு அந்த முறையே இல்லை. நன்னடத்தைக்காக ஆண்டுக்கு அதிகபட்சம் 54 நாட்கள் கழியும், அவ்வளவுதான். 29 வயதில் உள்ளே போன டெட்மன் வெளியே வரும்போது அறுபதைத் தாண்டியிருப்பார். தாக்குதல், அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தது உள்ளிட்ட மாநிலக் குற்றங்களுக்காக ஏப்ரலில் மாநில நீதிமன்றமும் ஆறு பேருக்கும் 15 முதல் 45 ஆண்டுகள் வரை விதித்தது. இரண்டும் ஏக காலத்தில் கழியும்.

நம்பப்படாதவர்கள்

ஆறு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, 2023 நவம்பரில், ‘மிசிசிப்பி டுடே’ செய்தித் தளமும் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழும் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டன. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக ரேங்கின் கவுன்ட்டியின் ஏழைக் குடியிருப்புகளில் டெபுட்டிகள் இப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள் என்று பலர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதை உறுதிப்படுத்த நிருபர்கள் நம்பியதும் அதே டேசர் பதிவுகளைத்தான். அடிபட்டவர்களில் பலர் போதைப் பழக்கம் உள்ளவர்கள், பழைய வழக்கு உள்ளவர்கள். சிலர் புகாரும் கொடுத்திருந்தார்கள். கஞ்சா கேஸில் மாட்டியவன் சொல்வதை யார் கேட்பார்கள்? கேட்கவில்லை.

கேட்டிருந்தால் மெக்கல்பின் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையை இழந்திருப்பார். ஓப்டைக் மாதிரி ஒரு இளைஞன் அவரிடம் பாடம் படித்திருக்க மாட்டான். ஜனவரி 24 இரவு அந்தக் கதவு உடைபட்டிருக்காது. 132 ஆண்டுத் தண்டனை என்று எழுதும்போது மனதில் ஒரு திருப்தி வருவது உண்மை. ஆனால் உண்மை வெளியே வர ஒரு மனிதனின் தாடை உடைய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதாவிட்டால் அது பாதிக் கதை.

ஷெரிஃப் பிரையன் பெய்லி தனக்கு எதுவும் தெரியாது என்று சொன்னார். அவர் பதவி விலக வேண்டும் என்று கறுப்பின மக்களின் உரிமைக்காகப் பாடுபடும் என்.ஏ.ஏ.சி.பி. உள்ளிட்ட அமைப்புகள் குரல் கொடுத்தன. அவர் விலகவில்லை. இந்த வழக்கில் அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை. அடிபட்ட இருவரும் 40 கோடி டாலர் கேட்டுத் தொடர்ந்த இழப்பீட்டு வழக்கு 2025-ல் 25 லட்சம் டாலருக்குச் சமரசமானது. ஷெரிஃப் துறை முழுவதையும் பற்றி விசாரிக்கப்போவதாக 2024 செப்டம்பரில் ஃபெடரல் நீதித் துறை அறிவித்தது. அதற்கு முன்பே, தன் டெபுட்டிகள் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று மாதம் ஆகியிருந்த 2023 நவம்பரில், ரேங்கின் கவுன்ட்டியில் தேர்தல் நடந்தது. ஷெரிஃப் பதவிக்குப் பெய்லியை எதிர்த்து ஒருவர்கூடப் போட்டியிடவில்லை.